கீழே தெரியும் பேண்ட் யாருடையது? இயக்க நரம்பணு நோய் மாதிரிகளில் ஸ்ப்ளைசிங் பிழையை அளக்கும் முறை

ஜீனிலிருந்து எழுதப்பட்ட ஆர்என்ஏவில் இன்ட்ரான் துண்டுகளை வெட்டி எறிந்து, எக்ஸான் துண்டுகளை ஒட்டி இணைப்பதே ஸ்ப்ளைசிங். எஸ்எம்ஏ (இயக்க நரம்பணுக்கள் அழிந்து தசை மெலியும் மரபு நோய்) எலியின் தண்டுவட ஆர்என்ஏவை எடுத்து, எஸ்எம்என் ஜீனின் எக்ஸான் 6-இல் ஒரு பிரைமரும் (பிசிஆர் தொடங்கும் குறுந்துண்டு) எக்ஸான் 8-இல் ஒரு பிரைமரும் வைத்து பிசிஆர் ஓட்டினால் ஜெல்லில் இரண்டு பேண்ட் வரும். மேலே உள்ளது முழு நீளம். அதற்கு 54 பேஸ் கீழே எக்ஸான் 7 இல்லாதது. கீழ் பேண்ட் தடிமனாக இருந்தால் 'ஸ்ப்ளைசிங் பிழை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த பேண்ட் மூன்று நான்கு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் ஸ்ப்ளைசிங். மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பிசிஆர் ஓட்டுவது அதில் எளிய பாகம்.

இருவகைப் பிழைகள்

முதல் வகை, நோய் ஜீனின் சொந்த ஆர்என்ஏவிலேயே நடப்பது. மனிதரின் 5-ஆம் குரோமோசோமில் எஸ்எம்என்1, எஸ்எம்என்2 என்று கிட்டத்தட்ட ஒரே அச்சான இரண்டு ஜீன்கள் அருகருகே உள்ளன. எஸ்எம்என்1 இரு பிரதியிலும் இல்லாமலோ பழுதாகவோ போனால் எஸ்எம்ஏ நோய் வரும். எஸ்எம்என்2 இருந்தும் முழுதாகக் காப்பாற்றாததற்குக் காரணம் எக்ஸான் 7-இன் ஆறாவது எழுத்து. எஸ்எம்என்1-இல் அந்த எக்ஸான் 'ஜிஜிடிடிடிசி' என்று தொடங்கும், எஸ்எம்என்2-இல் 'ஜிஜிடிடிடிடி'. புரதத்தில் அமினோ அமிலம் மாறுவதில்லை. ஆனால் எக்ஸானைச் சேர்க்கத் தூண்டும் எஸ்ஆர்எஸ்எஃப்1 புரதம் பிடிக்கும் இடம் பலவீனமாகி, சேர்வதைத் தடுக்கும் ஹெச்என்ஆர்என்பி ஏ1 அமரும் இடம் உருவாகிறது. விளைவாக எஸ்எம்என்2-இன் ஆர்என்ஏவில் பெரும்பங்கு எக்ஸான் 7-ஐ விட்டுவிட்டே இணைகிறது. அதிலிருந்து வரும் புரதம் நிலைக்காமல் சிதைந்துவிடும்.

இரண்டாம் வகை, ஸ்ப்ளைசிங் இயந்திரத்துக்கோ அதன் காவலுக்கோ வேண்டிய புரதம் குறைந்ததால் மற்ற ஜீன்களில் நடப்பது. எஸ்எம்என் புரதம் ஸ்ப்ளைசிங்கின் எஸ்என்ஆர்என்பி துகள்களை (சிறு ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்தவை) கோப்பது. அது குறைந்தால் பல ஜீன்களில், குறிப்பாக யு12 வகை இன்ட்ரான் (தனி இயந்திரம் வெட்டும் அரிய வகை) உள்ளவற்றில், இணைப்பு தடுமாறும். இயக்க நரம்பணுக்களை அழிக்கும் இன்னொரு நோயான ஏஎல்எஸ்ஸில், டிடிபி-43 என்ற ஆர்என்ஏ பிடிக்கும் புரதம் செல்லின் கருவை விட்டு வெளியேறிவிட்டால், அது இதுவரை அடக்கிவைத்திருந்த கள்ள எக்ஸான்கள் (இன்ட்ரானில் ஒளிந்திருக்கும், வழக்கமாகச் சேராத துண்டுகள்) ஆர்என்ஏவுக்குள் நுழையும்.

முதல் வகையில் நீங்கள் அளப்பது நோயின் மூலத்தை. இரண்டாம் வகையில் அளப்பது விளைவை, அல்லது விளைவின் விளைவை. இரண்டுக்கும் கன்ட்ரோல் வேறு, சாம்பிள் எடுக்கும் நாள் வேறு.

எலியின் வரைபடத்தை முதலில் படியுங்கள்

எலிக்கு எஸ்எம்என்2 கிடையாது. ஒரே ஒரு எஸ்எம்என் ஜீன்தான். அதை நீக்கினால் கருவிலேயே இறந்துவிடும். அதனால் மனித எஸ்எம்என்2-ஐ ஏற்றித்தான் எஸ்எம்ஏ எலிகளை உண்டாக்கினார்கள். ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது டெல்டா-7 எலி. 2005-இல் வந்தது, சுமார் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். வசதியான மாதிரி, ஆனால் எக்ஸான் 7-ஐ அளப்பவருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த எலியில் எஸ்எம்என்2 மட்டுமல்ல, எக்ஸான் 7 இல்லாத எஸ்எம்என் சிடிஎன்ஏவும் (ஆர்என்ஏவைப் படியெடுத்த டிஎன்ஏ) தனி டிரான்ஸ்ஜீனாக, அதாவது வெளியிலிருந்து புகுத்திய ஜீனாக, ஏற்றப்பட்டிருக்கிறது. எலியின் பெயரே அதனால் வந்ததுதான். எக்ஸான் 6, 8 பிரைமர்கள் அதையும் பெருக்கும். கீழ் பேண்டில் எவ்வளவு எஸ்எம்என்2 தவறவிட்டது, எவ்வளவு டிரான்ஸ்ஜீன் நேராகக் கொடுத்தது என்று அந்த ஜெல்லைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

பொறி அதோடு முடியவில்லை. சிடிஎன்ஏ டிரான்ஸ்ஜீனில் இன்ட்ரான் இல்லை. சாதாரண ஜீனில் ஜீனோம் டிஎன்ஏ கொஞ்சம் கலந்திருந்தாலும், நடுவில் பல கிலோபேஸ் இன்ட்ரான் இருப்பதால் பிசிஆரில் எதுவும் வராது. இங்கே ஜீனோம் டிஎன்ஏவே எக்ஸான் 7 இல்லாத ஆர்என்ஏவின் அதே அளவில் பேண்ட் கொடுக்கும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி சரியாக வேலை செய்யாத ஒரு சாம்பிள், நோய் முற்றிய சாம்பிளைப் போலவே காட்சியளிக்கும்.

எனவே டெல்டா-7 எலியில் எக்ஸான் 7 விகிதத்தை அறிக்கையிடாதீர்கள். முழு நீள ஆர்என்ஏவை மட்டும் எக்ஸான் 7-8 சந்திப்பில் கியூபிசிஆரால் (அளவு காட்டும் பிசிஆர்) அளந்து, ஒரு நிலையான ஜீனோடு ஒப்பிடுங்கள். விகிதமே வேண்டுமானால் அந்த சிடிஎன்ஏ இல்லாத எலியை எடுங்கள். தைவான் எலி என்ற எஸ்எம்ஏ மாதிரி ஏற்றது. ஆனால் அதில் எலியின் சொந்த எஸ்எம்என் ஜீனிலேயே எக்ஸான் 7 நீக்கப்பட்டிருக்கிறது. பிரைமர் மனித வரிசைக்கு மட்டும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் விட்டால் அங்கும் இதே குழப்பம் வேறு வழியில் வரும். மனித வரிசையும் எலி வரிசையும் வேறுபடும் எழுத்து பிரைமரின் 3' முனையில் இருக்கும்படி வடிவமையுங்கள். டிரான்ஸ்ஜீன் இல்லாத சாதாரண எலியின் சிடிஎன்ஏவில் அது எதையும் பெருக்கவில்லை என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாம்பிள்

எந்த நாளில் எடுக்கிறோம் என்பது பதிலையே மாற்றும். டெல்டா-7 எலியில் 13-ஆம் நாளில் எடுத்தால் நூற்றுக்கணக்கான ஸ்ப்ளைசிங் மாற்றங்கள் தெரியும். அந்நேரம் குட்டி பால் குடிக்க முடியாமல் எடை இழந்து, வளர்ச்சி பின்தங்கி, சாகும் தறுவாயில் இருக்கிறது. 2009-இல் இதே எலியில் செய்த ஆய்வில் பெரும்பாலான மாற்று ஸ்ப்ளைசிங் மாற்றங்கள் நோயின் பிந்தைய கட்டத்தில்தான் தோன்றின. பிறந்த எலிக்குட்டியின் நரம்புத் திசுவில் முதல் இரண்டு வாரத்தில் இயல்பாகவே ஸ்ப்ளைசிங் வேகமாக மாறிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் பின்தங்கிய குட்டியை, வயதுக்கேற்ற கன்ட்ரோலோடு ஒப்பிட்டால் வளர்ச்சித் தாமதமே 'பிழை' என்று பட்டியலில் ஏறிவிடும்.

குறைந்தது மூன்று நாட்கள் வையுங்கள்: 1, 5, 10. ஐந்தாம் நாளில், எடை இன்னும் ஒத்திருக்கும்போதே தெரியும் மாற்றத்தைத்தான் நம்பலாம். கன்ட்ரோல் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருக்கட்டும். ஒவ்வொரு குட்டியின் எடையையும் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும். இதெல்லாம் விலங்கு நெறிக்குழு அனுமதிக்குப் பிறகு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தண்டுவடத்தை எலும்பை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். முதுகெலும்புத் தொடரின் இரு முனையையும் குறுக்கே வெட்டி, வால் பக்கத் துளையில் மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சை வைத்து, குளிர்ந்த பிபிஎஸ்ஸை அழுத்தினால் தண்டுவடம் முழுதாக மறுமுனையில் வழுக்கி வந்துவிடும். உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். எல்லாக் குட்டிக்கும் ஒரே நேர அளவு, ஒரே கை என்றால் நல்லது.

தண்டுவடச் செல்களில் இயக்க நரம்பணுக்கள் மிகச் சிறுபான்மை. முழுத் தண்டுவட ஆர்என்ஏ என்பது பெரும்பாலும் கிளியாவும் (நரம்பணுக்களைத் தாங்கும் செல்கள்) மற்ற நரம்பணுக்களும் பேசுவதுதான். இதனால் இரு திசையிலும் தவறு நேரும். இயக்க நரம்பணுவில் உண்மையான மாற்றம் இருந்தும் கூட்டத்தில் கரைந்துபோகலாம். ஸ்ப்ளைசிங்கே மாறாமல், செல் செத்ததாலும் மாற்றம் தெரியலாம். அக்ரின் ஜீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இசட் எக்ஸான்கள் நரம்பணுக்களில் மட்டும் சேர்க்கப்படும். நரம்பணுக்கள் குறைந்தால், மீந்தவை சரியாகவே இணைத்தாலும், இசட் வடிவம் குறைந்ததுபோலத் தெரியும். ஆகவே அதே சிடிஎன்ஏவில் கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் போன்ற இயக்க நரம்பணு அடையாள ஜீனையும் அளந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் லேசர் மைக்ரோடிசெக்ஷன் செய்து செல்களைத் தனியாக எடுக்காமல் எதுவும் சொல்லாதீர்கள்.

ஆர்என்ஏவும் டிஎன்ஏஸும்

ஒரு தண்டுவடத்துக்கு 1 மிலி டிரைசால். கலக்கி அரைத்து 5 நிமிடம் விட்டு, 200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, 12,000 ஜி-யில் 15 நிமிடம், 4 டிகிரியில் சுற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த அடுக்கை எடுக்கும்போது பேராசை வேண்டாம். கடைசி 100 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள். இடைப்படலத்தில்தான் ஜீனோம் டிஎன்ஏ இருக்கிறது. 500 மைக்ரோலிட்டர் ஐசோபுரோப்பனால், திசு சிறிதென்பதால் 20 மைக்ரோகிராம் கிளைகோஜன். மீண்டும் 12,000 ஜி, 10 நிமிடம். 75 சதவீத எத்தனாலில் கழுவி, 7,500 ஜி-யில் 5 நிமிடம். பெல்லட்டை முழுக்க உலர விட்டால் பிறகு கரையாது.

ஒளி உறிஞ்சலின் 260/280 விகிதம் 2 அளவில் இருக்க வேண்டும். 260/230 விகிதம் 1.5-க்குக் கீழே போனால் உப்போ ஃபீனாலோ மிச்சமிருக்கிறது. எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள். ஆர்என்ஏ உடையாமல் இருப்பதைக் காட்டும் ஆர்ஐஎன் எண் 8-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 7-க்குக் கீழே உள்ளதையும் 9 உள்ளதையும் ஒரே ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஆர்என்ஏ உடைந்திருந்தால் நீண்ட துண்டு குறுகியதைவிட அதிகம் பாதிக்கப்படும்; அதுவும் கீழ் பேண்டுக்குச் சாதகம்.

1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ், 10 மைக்ரோலிட்டரில், அறை வெப்பத்தில் 15 நிமிடம். பிறகு 25 மில்லிமோலார் இடிடிஏ 1 மைக்ரோலிட்டர் சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம். இடிடிஏவுக்கு முன் சூடாக்கினால் மக்னீசியம் ஆர்என்ஏவை உடைத்துவிடும், வரிசை மாறக்கூடாது.

ஆர்என்ஏவை சிடிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாய் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒன்று வேண்டும். தட்டுக்கு ஒன்று போதும் என்ற வழக்கம், மேலே சொன்ன டிரான்ஸ்ஜீன் உள்ள எலியில் செல்லாது.

சிடிஎன்ஏவுக்கு எல்லா சாம்பிளிலும் ஒரே அளவு, 500 நானோகிராம் ஆர்என்ஏ, 20 மைக்ரோலிட்டரில். எந்த பிரைமர் என்பது கேள்வியைப் பொறுத்தது. எக்ஸான் விடுபடுவதைப் பார்க்க, எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸமர் போதும். இன்ட்ரான் தங்குவதை அளக்க அது கூடாது. இன்னும் இணைக்கப்படாமல் உருவாகிக்கொண்டிருக்கும் முன் ஆர்என்ஏவையும் அது பிடித்துவிடும். தங்கிய இன்ட்ரானும் இன்னும் வெட்டப்படாத இன்ட்ரானும் ஒன்றாகத் தெரியும். அதற்கு, முடிந்த ஆர்என்ஏவின் பாலிஏ வாலைப் பிடிக்கும் ஓலிகோ டிடி.

பிசிஆர்: சுழற்சி எண்ணிக்கைதான் உயிர்

25 மைக்ரோலிட்டருக்கு:

- இருமடங்கு மாஸ்டர் மிக்ஸ் 12.5 மைக்ரோலிட்டர்
- 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் ஒவ்வொன்றும் 1 மைக்ரோலிட்டர்
- ஐந்து மடங்கு நீர்த்த சிடிஎன்ஏ 2 மைக்ரோலிட்டர்
- தண்ணீர் 8.5 மைக்ரோலிட்டர்

95 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 95-இல் 30 நொடி, 58-இல் 30 நொடி, 72-இல் 40 நொடி. எத்தனை சுழற்சி என்பதை யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் சாம்பிளிலேயே 22, 24, 26, 28, 30 என்று ஐந்து குழாய் ஓட்டுங்கள். பேண்ட் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, இன்னும் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் 24க்கும் 28க்கும் நடுவில் அமையும்.

30-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஜெல்லிலேயே பார்க்கலாம். முழு நீள பேண்டுக்கும் மேலே, மங்கலாக மூன்றாவது ஒன்று முளைக்கும். புதிதாய் ஒரு ஸ்ப்ளைஸ் வடிவம் கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். பிரைமர் தீர்ந்த பிறகு, முழு நீள இழை ஒன்றும் எக்ஸான் 7 இல்லாத இழை ஒன்றும் தமக்குள் ஒட்டிக்கொண்டவை அவை. பொருந்தாத 54 பேஸ் வெளியே வளையமாகப் புடைத்து நிற்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்கின்றன. எட்டு சதவீத அக்ரிலமைடில் தெளிவாகத் தெரியும். யூரியா ஜெல்லில் ஓட்டினால் மறைந்துவிடும். மறைந்தால் அது கலப்பு இரட்டைதான். சரிசெய்ய, பிசிஆர் பொருளைப் புதிய மிக்ஸில் பத்து மடங்கு நீர்த்து, புதிய பிரைமரோடு மூன்றே சுழற்சி ஓட்டுங்கள்.

எஸ்எம்என்1-உம் உள்ள மனிதச் செல்லில், உதாரணமாக நோயாளியின் தாய் போன்ற கேரியரின் ஃபைப்ரோபிளாஸ்ட்டில், இரு ஜீன்களையும் பிரிக்க டிடிஇ-ஒன் நொதி உதவும். எஸ்எம்என்2-இன் எக்ஸான் 8-இல் உள்ள ஓர் எழுத்து மாற்றம் அந்த நொதிக்கு வெட்டுமிடம் கொடுக்கிறது. எஸ்எம்என்1-இல் அது இல்லை. 10 மைக்ரோலிட்டர் பிசிஆர் பொருளுக்கு 10 யூனிட், 37 டிகிரி, ஒரு மணி நேரம். பரவலாகப் பயன்படும் 504 பேஸ் அமைப்பில் எஸ்எம்என்1 முழு நீளம் 504-இலேயே நிற்கும், எஸ்எம்என்2 முழு நீளம் 382-க்கும் எக்ஸான் 7 இல்லாத எஸ்எம்என்2 328-க்கும் இறங்கும். கலப்பு இரட்டை இங்கும் விளையாடும். எஸ்எம்என்1 இழையும் எஸ்எம்என்2 இழையும் ஒட்டிய இரட்டையை நொதி வெட்டாது. வெட்டப்படாதது எல்லாம் எஸ்எம்என்1 கணக்கில் சேரும். சுழற்சியைக் குறைப்பதற்கு இன்னொரு காரணம் இது.

எண்ணாக்குவது

ஜெல் சாயம் நீளத்துக்கு ஏற்ப ஒட்டும். ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள் இருந்தாலும் நீண்ட பேண்ட் பிரகாசமாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பேண்டின் ஒளி அளவையும் அதன் பேஸ் எண்ணிக்கையால் வகுத்துவிட்டுத்தான் விகிதம் போட வேண்டும். மேல் பேண்ட் 3,024, கீழ் பேண்ட் 8,100 என்று அளவி காட்டுவதாகக் கொள்ளுங்கள். 3,024-ஐ 504-ஆல் வகுத்தால் 6. 8,100-ஐ 450-ஆல் வகுத்தால் 18. எக்ஸான் 7 சேர்ந்த பங்கு 24-இல் 6, அதாவது 25 சதவீதம். வகுக்காமல் போட்டிருந்தால் 27 என்று வந்திருக்கும். இங்கே வித்தியாசம் சிறிதுதான். 128 பேஸ் கள்ள எக்ஸானை 150 பேஸ் பிசிஆரில் அளக்கும்போது சிறிதாக இருக்காது. ஒரு பிரைமரில் ஃப்ளூரசன்ட் சாயம் கட்டி கேபிலரியில் ஓட்டினால் மூலக்கூறுக்கு ஒரு சாயம்தான், இந்த வகுத்தல் வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஒரு சாய்வு மிஞ்சும்: பிசிஆர் குறுகியதை விரும்பும். முழு நீளத்தையும் எக்ஸான் 7 இல்லாததையும் தனித்தனி பிளாஸ்மிடில் வைத்து, 10:90, 25:75, 50:50, 75:25, 90:10 என்று கலந்து அதே சுழற்சியில் ஓட்டி ஒரு கோடு வரையுங்கள். 50:50 கலவை உங்கள் ஜெல்லில் 42 என்று காட்டினால், அந்த எட்டுப் புள்ளிக்குக் குறைவான எந்த வித்தியாசத்தையும் கோட்டால் திருத்தாமல் பேச முடியாது. ஒரு நாள் வேலை. செய்பவர்கள் குறைவு.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு எஸ்எம்ஏ நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டில், கோரியல் சேமிப்பில் கிடைக்கும் ஜிஎம்03813 போன்றதில், எக்ஸான் 7-ஐச் சேரவைக்கும் மருந்தான ரிஸ்டிப்லாம் சில நூறு நானோமோலார் 24 மணி நேரம் கொடுங்கள். மேல் பேண்ட் தடித்து கீழ் பேண்ட் மெலிய வேண்டும். இந்த மாற்றம் தெரியாத அளவீட்டில் எலியின் மாற்றமும் தெரியாது.

எஸ்எம்என் குறைந்ததால் மற்ற ஜீன்களில்

நூற்றுக்கணக்கான ஜீன்களைத் துரத்துவதைவிட, காரணம் ஓரளவு நிறுவப்பட்ட சிலவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்டாசிமான் என்ற ஜீன், 2012-இல் பழ ஈயிலும் எலியிலும் எஸ்எம்என் குறைவோடு இணைக்கப்பட்டது; அதில் யு12 இன்ட்ரான் உண்டு. எம்டிஎம்2-இன் எக்ஸான் 3-உம் எம்டிஎம்4-இன் எக்ஸான் 7-உம் விடுபடுவது பி53 என்ற செல்-சாவுப் புரதத்தைத் தூண்டி இயக்க நரம்பணுவைச் சாகடிக்கும் பாதையில் உள்ளவை. இவை நோயின் ஆரம்பத்திலேயே தெரிபவை என்பதால் ஐந்தாம் நாள் சாம்பிளுக்கு ஏற்றவை.

யு12 இன்ட்ரான் தங்கலுக்கு மூன்று பிரைமர் போதும்: மேல் எக்ஸானில் ஒன்று, கீழ் எக்ஸானில் ஒன்று, இன்ட்ரானுக்குள் ஒன்று. அதே ஜீனில் உள்ள ஒரு சாதாரண யு2 இன்ட்ரானையும் அதேபோல் அளந்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் அது யு12 கதையல்ல. ஆர்என்ஏ தரமோ டிஎன்ஏ கலப்போதான்.

டிடிபி-43: எலியில் தேடக்கூடாத எக்ஸான்

ஸ்டாத்மின்-2 என்னும் எஸ்டிஎம்என்2 ஜீனில் நுழையும் கள்ள எக்ஸான் 2019-இல் இரண்டு குழுக்களால் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் டிடிபி-43 மாதிரி என்றாலே எல்லோரும் அதைத்தான் அளக்கிறார்கள். எலியில் அளந்து 'மாற்றமில்லை' என்று எழுதுவது வீண் வேலை. மனித ஜீனில் டிடிபி-43 பிடிக்கும் ஜியு வரிசை எலியின் ஜீனில் காக்கப்படவில்லை. அந்தக் கள்ள எக்ஸான் எலிக்கே இல்லை. எலியில் சார்டிலின்-1 ஜீனின் எக்ஸான் 17பி கூடுகிறதா என்று பாருங்கள். டிடிபி-43 குறைந்தால் அது ஏறும். எஸ்டிஎம்என்2 வேண்டுமானால் மனித ஐபிஎஸ் (மறுநிரலாக்கிய தண்டு) செல்லிலிருந்து வளர்த்த இயக்க நரம்பணு, அல்லது எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனித நரம்புப் புற்றுச் செல்.

அடுத்த தவறு பிரைமர் வைப்பதில். எக்ஸான் 1-இலும் 3-இலும் பிரைமர் வைத்து, நடுவில் கள்ள எக்ஸான் சேர்ந்த பெரிய பேண்டை எதிர்பார்ப்பவர்கள் எதையும் காண மாட்டார்கள். எஸ்டிஎம்என்2-இன் கள்ள எக்ஸானான 2ஏ-வுக்குள்ளேயே பாலிஏ சமிக்ஞை உண்டு. ஆர்என்ஏ அங்கேயே முடிந்துவிடும். எக்ஸான் 3 அதில் இருக்காது. பெரிய பேண்ட் வராது, இயல்பான பேண்ட் மெலியும், அவ்வளவுதான். எனவே எக்ஸான் 1-இல் பொதுவான பிரைமர், எதிர் பிரைமர் இரண்டு தனிக் குழாயில்: ஒன்று எக்ஸான் 2-இல், மற்றது 2ஏ-வில். இரண்டையும் கியூபிசிஆரில் அளக்க வேண்டும்.

யுஎன்சி13ஏ இதற்கு நேர்மாறு. 20, 21 எக்ஸான்களுக்கு நடுவே நுழையும் அதன் கள்ள எக்ஸான் 128 அல்லது 178 பேஸ். ஆர்என்ஏ அங்கே முடியாமல் தொடர்ந்து போகும். இரு பக்க பிரைமரால் பிடிக்கலாம். ஆனால் நடுவில் நிறுத்தக் குறி வருவதால் செல் அந்த ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும். செல்லை எடுப்பதற்கு முன் 4 முதல் 6 மணி நேரம், இந்தச் சிதைவைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸிமைடு, மிலிக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்த தட்டு ஒன்றையும் கொடுக்காத தட்டு ஒன்றையும் சேர்த்தே ஓட்டுங்கள். கொடுக்காத தட்டில் கள்ள எக்ஸான் இல்லை என்பதால் அது உருவாகவில்லை என்று ஆகாது. எஸ்டிஎம்என்2-க்கு இது தேவையில்லை.

டிடிபி-43 எவ்வளவு குறைந்தது என்பதைப் புரதத்தில் பாருங்கள். இந்தப் புரதம் தன் சொந்த ஆர்என்ஏவின் முனையில் அமர்ந்து தன் அளவைத் தானே கட்டுப்படுத்தும். ஆர்என்ஏ எண்ணை நம்பி, டிடிபி-43-ஐக் குறைக்கக் கொடுத்த எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்ததா என்று முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். எலியின் டிடிபி-43-இல் பிறழ்வு வைத்த மாதிரிகளிலும் திசையைக் கவனியுங்கள். ஆர்என்ஏ பிடிக்கும் பகுதியில் உள்ள எஃப்210ஐ வேலையைக் குறைக்கிறது, கள்ள எக்ஸான்கள் நுழைகின்றன. வால் பகுதியில் உள்ள எம்323கே எதிர்த்திசையில் போய், வழக்கமாக எப்போதும் சேரும் எக்ஸான்களை விடுபடச் செய்கிறது. ஒரே ஜீன், இரு பிறழ்வு, எதிரெதிர் பிழை. முதலாவதற்காக வடிவமைத்த பிசிஆர் இரண்டாவதில் எதையும் காட்டாது.

ஆர்என்ஏ-சீக்குக்குப் போகிறவர்களுக்கு

ஆர்என்ஏ முழுவதையும் வரிசைப்படுத்தும் இந்த முறைக்குச் சுருக்கமாக: இழைத்திசை காக்கும் லைப்ரரி, இருமுனை 100 பேஸுக்குக் குறையாமல், சாம்பிளுக்கு 5 கோடி வாசிப்பு ஜோடிக்குக் குறையாமல், குழுவுக்கு குறைந்தது நான்கு விலங்கு. ஜீன் அளவுக்குப் போதுமான 2 கோடி, சந்திப்புகளை எண்ணப் போதாது. கள்ள எக்ஸான் தேடுவோர் அறியப்பட்ட எக்ஸான் பட்டியலை மட்டும் நம்பும் அமைப்பில் ஆர்மேட்ஸ் மென்பொருளை ஓட்டக்கூடாது. லீஃப்கட்டர் போலச் சந்திப்பு வாசிப்புகளிலிருந்து தொடங்கும் கருவி வேண்டும். ஸ்டார் அலைனரை இரு சுற்று முறையில் ஓட்டுங்கள்.

எஸ்எம்என் விஷயத்தில் மட்டும் தனி எச்சரிக்கை. மனிதத் தரவில் எஸ்எம்என்1, எஸ்எம்என்2 இரண்டுக்கும் சமமாகப் பொருந்தும் வாசிப்புகளைப் பல கருவிகள் மௌனமாகக் கழித்துவிடும். நோயின் முக்கிய ஜீனே பட்டியலில் வராது. அலைன் செய்யும்போது எஸ்எம்என்1 பகுதியை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் எஸ்எம்என்2-இல் உட்கார வையுங்கள். எலித் தரவில் எலி ஜீனோமோடு மனித டிரான்ஸ்ஜீன் வரிசையையும் சேர்த்துக் குறியீடு செய்யுங்கள். இல்லாவிட்டால் அவை எலியின் சொந்த எஸ்எம்என்மேல் அரைகுறையாகப் போய் ஒட்டும்.

பட்டியலில் மேலே வரும் இருபதையாவது, சந்திப்பு வாசிப்புகளை வளைவுகளாகக் காட்டும் சஷிமி வரைபடத்தில் கண்ணால் பார்த்து, ஆறு ஏழையாவது மேலே சொன்ன பிசிஆரில் உறுதி செய்யுங்கள். பத்து சதவீதப் புள்ளிக்குக் குறைவான மாற்றத்தை ஜெல்லில் துரத்த வேண்டாம்.

காரணமா, உடன் வந்ததா

மீட்டெடுத்துக் காட்டுவதுதான் ஒரே வழி. எஸ்எம்ஏவில் எக்ஸான் 7-க்குப் பின்னால் இன்ட்ரானில் உள்ள ஐஎஸ்எஸ்-என்1 என்ற தடுப்பிடத்தை மூடும் ஆன்டிசென்ஸ் ஓலிகோ (ஆர்என்ஏவோடு ஒட்டும் செயற்கைக் குறுந்துண்டு), எஸ்எம்என்2-ஐத் திருத்தும். 2016-இல் அனுமதி பெற்ற நுசினெர்சென் வேலை செய்வது அந்த இடத்தில்தான். கன்ட்ரோலாக அதே வேதியியலில், அதே நீளத்தில், வரிசை கலைத்த ஓலிகோ வேண்டும்; வெறும் உப்பு நீர் போதாது. ஓலிகோ கொடுத்த எலியில் எஸ்எம்என் புரதம் ஏறி, எம்டிஎம்4 எக்ஸான் 7-உம் திரும்ப வந்தால், அந்த மாற்றம் எஸ்எம்என் குறைவைப் பின்பற்றுகிறது என்று சொல்லலாம். புரதம் ஏறியும் அது திரும்பாவிட்டால் மாற்றம் வேறெங்கிருந்தோ வந்தது, அல்லது தாமதமாகிவிட்டது. ஒருநாள் முன்னதாக ஊசி போட்ட குழு ஒன்று இருந்தால்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடியும்.

ஜீனைச் சுமக்கும் ஏஏவி9 வைரஸில் எஸ்எம்என் ஏற்றி மீட்பவர்களுக்கு முதல் பொறி தலைகீழாகக் காத்திருக்கிறது. வைரஸ் கொண்டுவருவது எக்ஸான் 7 உள்ள சிடிஎன்ஏ. பிரைமர்கள் அதற்குள் பொருந்தினால் இப்போது தடிப்பது மேல் பேண்ட். எஸ்எம்என்2-இன் ஸ்ப்ளைசிங் துளியும் மாறாமலே ஜெல் குணமானதுபோல் காட்டும். எதிர் பிரைமரை வெக்டாரில் இல்லாத, எக்ஸான் 8-இன் கடைப்பகுதிக்கு நகர்த்துங்கள். வெக்டார் வரைபடத்தைத் திறந்து அது அங்கே இல்லை என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.